கவுன்சிலர் அட்ராக்டாவின் ஏழாவது தேர்தல்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்கெல்லாம் கவுன்சிலரம்மா அட்ராக்டா ஃபீனிக்கு விஷயம் தெரிந்துவிட்டது. காட்டிக் கொடுத்தது கஸி லேவினின் பென்சில்.

ஓட்டு எண்ணும் விளையாட்டு அரங்கில் மேசைகளைச் சுற்றி இடுப்பளவுக்குத் தடுப்பு. அந்தப் பக்கம் அலுவலர்கள் பெட்டியைக் கவிழ்த்து, சீட்டுகளை ஒவ்வொன்றாக விரித்து வைப்பார்கள். இந்தப் பக்கம் கட்சிக்காரர்கள் தடுப்பின் மேல் வயிற்றை அழுத்திக் குனிந்துகொண்டு, எந்தச் சீட்டில் யாருக்கு ஒன்றாம் நம்பர் என்று பார்த்துப் பார்த்துத் தாளில் கோடு கிழிப்பார்கள். முறைப்படி எண்ணி முடிக்க இரண்டு நாள் ஆகும். கோடு கிழிக்கிறவர்களுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குள் எல்லாம் தெரிந்துவிடும், எந்த ஊர்க்காரர்கள் காலை வாரினார்கள் என்பது உட்பட. அட்ராக்டாவுக்காகக் கோடு கிழிக்கும் கஸி நாற்பது வருஷம் தபால்காரராக இருந்தவர். தலைகீழாக இருக்கும் எழுத்தையும் ஓட்டமாக வாசிப்பார்.

அட்ராக்டாவின் சொந்த ஊர் கில்ரோனா. அந்தப் பெட்டியில் நானூற்றுப் பன்னிரண்டு சீட்டுகள். போன தேர்தலில் அதில் இருநூற்று அறுபத்தெட்டு பேர் அவருக்கு ஒன்றாம் நம்பர் போட்டிருந்தார்கள். இந்தத் தடவை கஸி கோடுகளைக் கூட்டிப் பார்த்தார். மறுபடி கூட்டினார். பிறகு தாளை அட்ராக்டாவிடம் நீட்டாமல் மடித்துச் சட்டைப் பையில் வைக்கப் போனார்.

"குடுங்க கஸி. தபால ஒளிச்சு வச்சா வந்த சேதி மாறிருமா?"

தொண்ணூற்றேழு.

முப்பத்து மூன்று வருஷம் கவுன்சிலர். ஆறு தேர்தல், ஆறு ஜெயம். அறுபத்தாறு வயதில் சொந்த ஊர்ப் பெட்டியில் தொண்ணூற்றேழு. அட்ராக்டா தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, தேநீர் குடிக்கப் போவதாகச் சொல்லி நகர்ந்தார். தேநீர்க் கடை இருந்தது எதிர்த்திசையில்.

இங்கே ஓட்டுப் போடுவது ஒரு முத்திரையோடு முடிகிற வேலை இல்லை. சீட்டில் இருக்கும் பதின்மூன்று பேருக்கும் பிடித்த வரிசையில் ஒன்று, இரண்டு, மூன்று என்று நம்பர் போடலாம். முதலில் ஒன்றாம் நம்பரை மட்டும் எண்ணுவார்கள். கடைசியில் நிற்பவரை வெளியே அனுப்பிவிட்டு, அவருடைய சீட்டுகளில் அடுத்த நம்பர் யாருக்கு இருக்கிறதோ அவரிடம் சேர்ப்பார்கள். இப்படிக் கழித்துக்கொண்டே போய் ஆறு இடமும் நிரம்பினால் கதை முடிந்தது. இந்தத் தடவைக் கணக்குக்கு ஆயிரத்து நானூற்றொன்று வாங்கியவர் அந்த நிமிஷமே கவுன்சிலர். அதற்கு மேல் வாங்கியிருந்தால் அந்த மிச்சம் மட்டும் அடுத்த நம்பருக்குப் போகும்.

நடந்தது என்ன என்பதை அட்ராக்டாவுக்கு விளக்கியது ஃபிலோமினா டிக்னன்தான், தனக்கே தெரியாமல். ஃபிலோமினா பக்கத்து வீட்டுக்காரம்மா. முப்பத்தெட்டு வருஷமாக அட்ராக்டாவின் பார்லரில் அவர் கையால்தான் தலைமுடி சுருட்டிக்கொள்கிறார். பன்னிரண்டு மணிக்கு ஒரு டப்பா நிறைய முட்டை சாண்ட்விச்சோடு வந்து நின்றார்.

"உனக்கு ரெண்டு போட்டுட்டேன் அட்ராக்டா. நீ எப்படியும் ஜெயிச்சுருவ. அந்தப் புள்ளையாண்டான் காஹலுக்கு யாரு இருக்கா, பாவம்னு அவனுக்கு ஒண்ணு போட்டேன். நம்ம தெருவுல எல்லாரும் பேசி வச்சு அப்படித்தான் போட்டோம்."

சொல்லிவிட்டு, பாராட்டுக்காகக் காத்திருக்கிற முகத்தோடு டப்பாவின் மூடியைத் திறந்தார்.

தெரு மட்டுமா. தொகுதியின் வடக்குப் பக்கம் முழுக்க அதே பேச்சுதான் ஓடியிருக்கிறது. இந்த ஊர்த் தேர்தலில் 'அவருக்கென்ன, அவர் ஜெயிச்சாச்சு' என்ற பேச்சை விடக் கொடிய நோய் கிடையாது. அது வந்த வேட்பாளர் திடகாத்திரமாக நடமாடிக்கொண்டே காலியாகிவிடுவார். அதனால்தான் விவரம் தெரிந்த அரசியல்வாதிகள் வாசல் வாசலாகப் போய் 'இந்தத் தடவை என் நிலைமை ரொம்ப மோசம்' என்று மூக்கைச் சிந்துவார்கள். அழுத பிள்ளைக்குத்தான் பால். எதிர்க்கட்சி மலாக்கி டேன்சி அப்படி அழுது அழுதே ஐந்து தேர்தல் ஜெயித்தவர்.

அட்ராக்டாவுக்கு அழ வராது. வராதது மட்டுமில்லை, இந்தத் தடவை அவரே வாசல்களில் நின்று, "என்னை விடுங்க, நான் பாத்துக்கறேன். பையன் புதுசு, அவனைக் கொஞ்சம் கவனிங்க" என்று சொல்லிக்கொண்டு திரிந்தார். காஹல் மல்ரெனன் அவர் கட்சி நிறுத்திய இன்னொரு வேட்பாளர், இருபத்தொன்பது வயது. ஜனங்கள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். அவ்வளவுதான் நடந்தது.

முதல் சுற்று முடிவை மாலை ஐந்து மணிக்குப் படித்தார்கள். காஹல் ஆயிரத்து நானூற்றிரண்டு. முதல் சுற்றிலேயே ஜெயம். மிச்சம் ஒன்றே ஒன்று. ஒற்றை ஓட்டை யாரும் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அப்படியானால் காஹலுக்கு ஒன்றும் அட்ராக்டாவுக்கு இரண்டும் போட்ட அத்தனை நூறு சீட்டும், ஃபிலோமினாவின் சீட்டும் சேர்த்து, அந்தக் கட்டுக்கு அடியிலேயே கிடக்கும். யாரும் இனி எடுத்துப் பார்க்கப்போவதில்லை. அட்ராக்டா அறுநூற்றுப் பதினொன்று. எட்டாவது இடம்.

காஹலை அவன் நண்பர்கள் தோளில் தூக்கிவைத்துக் கூத்தாடினார்கள். தோளிலிருந்தபடியே அவன் அட்ராக்டாவைப் பார்த்துவிட்டான். முகம் செத்துவிட்டது. இறங்கி நேரே வந்தான்.

"அக்கா, நான் உங்க ஓட்டைத் தின்னுட்டேன்."

"நான்தானேடா பரிமாறினேன். போ, உங்க அம்மா கேமராவ வச்சுக்கிட்டு நிக்கறாங்க. சிரிச்சுக்கிட்டே போ."

அவன் போன பிறகு அட்ராக்டாவுக்குத் தன் முதல் தேர்தல் ஞாபகம் வந்தது. தொண்ணூற்றொன்றாம் வருஷம் கில்ரோனாவில் வீட்டு முன்னறையில் பெண்களுக்கான பார்லர் வைத்திருந்தார். கட்சியின் பெரிய மனிதர்கள் இருவர், தலையில் முடி சுருட்டும் கர்லரோடு பெண்கள் உட்கார்ந்திருந்த அந்த அறைக்குள் நெளிந்துகொண்டே வந்து, நீ நிற்க வேண்டும் என்றார்கள். ஜெயிக்க இல்லை. பெண்கள் ஓட்டைக் கூட்டிப் பெருக்கிக் கட்சியின் பழைய கவுன்சிலர் பக்கம் தள்ளுவதற்கு ஒரு துடைப்பம் வேண்டியிருந்தது. எண்ணி முடித்தபோது துடைப்பம் ஜெயித்திருந்தது, பழையவர் வீட்டுக்குப் போனார். இரண்டு வருஷம் அவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மூன்றாவது வருஷம் அவர் மனைவி முடி வெட்டிக்கொள்ள வந்தபோதுதான் பகை தீர்ந்தது.

மற்ற கவுன்சிலர்கள் மதுக்கடை மூலையில் மேசை போட்டு ஜனங்களின் குறை கேட்பார்கள். அட்ராக்டாவுக்கு அந்த வேலையே இல்லை. ஈரத் தலையோடு சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கிற பெண் எதையும் மறைக்கமாட்டாள். மாமியாருக்கு மாடி ஏற முடியவில்லை, கீழே ஒரு குளியலறை கட்ட உதவித்தொகை கிடைக்குமா. பள்ளிப் பேருந்து எங்கள் சந்துக்கு வர மறுக்கிறது. இப்படி வந்தவற்றையெல்லாம் துவாலையில் கையைத் துடைத்துவிட்டு, முடிச்சாயம் வந்த அட்டைப்பெட்டியைக் கிழித்து அதன் முதுகில் எழுதிக்கொள்வார். மாவட்டமான கவுண்டியின் அலுவலகத்தில் அந்த அட்டைகளைப் பார்த்தாலே குமாஸ்தாக்கள் எழுந்து நிற்பார்களாம். பாதி மரியாதை, பாதி தப்பித்து ஓடுவதற்கு.

தோற்றதும் உண்டு. போலீஸ் நிலையத்தை மூடாமலிருக்க மூன்று வருஷம் போராடினார், மூடிவிட்டார்கள். தபால் நிலையமும் அப்படித்தான் போனது. ஆனால் மலைச்சாலையில் இருக்கும் பத்தொன்பது வீடுகளின் தண்ணீர் விஷயத்தை மட்டும் அவர் விடவில்லை. அந்தக் குழாய்களில் பதினொரு வருஷமாகத் தேநீர் நிறத்தில் தண்ணீர் வருகிறது. காய்ச்சாமல் பல் கூடத் தேய்க்க முடியாது. புதுக் குழாய்க்கான திட்டம் இலையுதிர் காலக் கூட்டத்தில் வாக்கெடுப்புக்கு வருகிறது. அந்தக் கூட்டத்தில் அதற்காக எழுந்து பேச வேறு ஆள் இல்லை. காஹலுக்கு மலைச்சாலை எந்தத் திருப்பத்தில் இருக்கிறது என்பதே தெரியாது. குழாய் வந்த மறுநாள் நானே எழுந்து போகிறேன், அதுவரை யாரும் என்னை நாற்காலியிலிருந்து எழுப்ப வேண்டாம் என்பது அவர் நினைப்பு. அட்ராக்டா இந்தத் தேர்தலில் நின்றதற்கு இதுதான் காரணம். ஆனால் வாசலில் நின்று அதைச் சொல்லிக் கெஞ்ச அவருக்கு நாக்கு எழவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஐந்து இடம் நிரம்பிவிட்டது. கழிக்கப்பட்டவர்களின் சீட்டுகள் கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டியதில் அட்ராக்டா தத்தித் தத்தி மேலே வந்திருந்தார். மிச்சம் ஒரு இடம், மூன்று பேர்; கடைசி இருவரில் அதிக ஓட்டு வைத்திருப்பவருக்குத்தான் அந்த இடம், ஆயிரத்து நானூற்றொன்றைத் தொடாவிட்டாலும். வீடு நிலம் விற்றுத் தரும் லியோ பிரெஹனி, சுயேச்சை, எண்ணூற்றுத் தொண்ணூறு. அட்ராக்டா எண்ணூற்று முப்பத்தெட்டு. மலாக்கி டேன்சி எண்ணூற்று முப்பத்திரண்டு.

ஆறே ஓட்டு. மலாக்கி வெளியே. அவர் ஆட்கள் மறு எண்ணிக்கை கேட்டார்கள். கேட்காமல் இருந்தால்தான் அதிசயம். சீட்டுகளையெல்லாம் மறுபடி முதலிலிருந்து புரட்ட ஆரம்பித்தார்கள்.

புரட்டி முடிக்கும் வரை அட்ராக்டாவுக்கும் மலாக்கிக்கும் செய்ய ஒன்றுமில்லை. சுவரோரம் போட்டிருந்த நாற்காலிகளில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரின் கட்சிகளும் தாத்தாக்கள் காலத்து உள்நாட்டுப் போரில் ஒன்றையொன்று சுட்டுக்கொண்ட கட்சிகள். இரண்டு பேரின் ஊர்களும் ஒரே சாலையில். தொண்ணூற்றொன்பதில் ஒருநாள் மலாக்கியின் கார் மழையில் நின்றுவிட, அட்ராக்டா ஏற்றிக்கொண்டு போனார். அன்றிலிருந்து இருபத்தைந்து வருஷமாகக் கூட்டத்துக்கு ஒரே காரில்தான் பயணம். ஆனால் அலுவலகத்துக்கு இருநூறு அடி முன்னால், தேவாலய முனையில் மலாக்கி இறங்கிக்கொள்வார். எதிரி காரில் வந்ததை யாரும் பார்த்துவிடக் கூடாது. கவுண்டி முழுக்கத் தெரிந்த ரகசியம் அது.

"ஆறு ஓட்டு," என்றார் மலாக்கி. "எங்க வீட்டுல மட்டும் ஏழு ஓட்டு இருக்கு, தெரியுமா? அதுல ஒருத்தன் கோல்வே டவுனுக்குப் பாட்டுக் கச்சேரி கேக்கப் போயிட்டான்."

"அப்ப ஆறு பேரு போட்டாங்களா?"

"போட்டோம்னு சொன்னாங்க."

அட்ராக்டா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஃபிலோமினாவின் சாண்ட்விச்சை நீட்டினார். மலாக்கி இரண்டு எடுத்துக்கொண்டார். இந்தத் தடவையும் அழுதாயா என்று அட்ராக்டா கேட்க, வழக்கத்தை விட ரெண்டு மடங்கு அழுதேன், ஆனால் ஜனங்கள் பழகிப்போய் ஆறுதல் மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார்கள் என்றார் மலாக்கி.

இரண்டு பேரும் சொல்லாமல் விட்டது ஒன்று இருந்தது. மலாக்கி வெளியேறினால் அவருடைய எண்ணூற்றுச் சொச்சம் சீட்டுகளும் பிரிக்கப்படும். அவர் கட்சியில் வாங்கிக்கொள்ள ஆள் மிச்சமில்லை. லியோவுக்கும் அட்ராக்டாவுக்கும் நடுவே ஐம்பத்திரண்டு ஓட்டு வித்தியாசம். மலாக்கியின் ஊரான ட்ரம்லாஷ்காரர்கள் கட்சிப் பகையைத் தாண்டி அட்ராக்டாவுக்கு நம்பர் போட்டிருப்பார்களா? அதுவும் ட்ரம்லாஷ்காரர்கள்?

ட்ரம்லாஷுக்கும் அட்ராக்டாவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. ஊரெல்லாம் வீடு கட்டித் தள்ளிய காலத்தில், இரண்டாயிரத்து ஆறில், அங்கே ஆற்றோர வயலில் முப்பத்துநான்கு வீடு கட்ட அனுமதி கேட்டு வந்தது. மன்றத்தில் எல்லாரும் கை தூக்கினார்கள். அவரும் தூக்கினார். இரண்டு வருஷத்தில் வங்கிகள் சரிந்தன, கட்டியவர் நாட்டை விட்டே போனார். பாதியில் நின்ற வீடுகளுக்கு நடுவே பதினொரு குடும்பங்கள், விளக்கில்லாத சாலையில், மழை பெய்தால் சாக்கடை பொங்கும் வாசலோடு மாட்டிக்கொண்டன.

அவர்கள் ஊர்மண்டபத்தில் கூட்டிய கூட்டத்துக்குக் கை தூக்கிய கவுன்சிலர்கள் எல்லாரும் வந்தார்கள். ஒருவர் வங்கியைத் திட்டினார், ஒருவர் டப்ளினில் இருக்கும் அரசாங்கத்தைத் திட்டினார். மலாக்கி, தன் சொந்த ஊரிலேயே, அனுமதி கொடுத்த அன்றைக்குத் தனக்குக் காய்ச்சல், மன்றத்துக்கே போகவில்லை என்றார். அவர் கை தூக்கியதைப் பக்கத்திலிருந்து பார்த்த அட்ராக்டா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. தன் முறை வந்ததும் எழுந்தார்.

"கைய நான்தான் தூக்கினேன். அந்த வயல்ல தண்ணி நிக்கும்னு ரெண்டு பேரு என்கிட்ட முடிக்குச் சாயம் போட வந்தப்பவே சொன்னாங்க. காதால கேட்டுட்டும் தூக்கினேன். தப்பு என்னோடது. சரி பண்ண என்ன வழின்னு இன்னைக்கு எனக்குத் தெரியாது. நாளைலேர்ந்து தேடறேன்."

மண்டபத்தில் ஒருவரும் கை தட்டவில்லை. அவர் கட்சி ஒரு மாதம் அவரைக் கரித்துக்கொட்டியது. எல்லாம் சரியாக ஏழு வருஷம் ஆயிற்று. முதலில் சாக்கடை, பிறகு தார்ச்சாலை, பிறகு விளக்கு. ஒவ்வொன்றுக்கும் அனுமதி வந்ததும் வீடு வீடாகப் போன் போட்டு 'உங்களுக்கு ஒரு நல்ல சேதி' என்று முதலில் சொன்னது மலாக்கிதான். அது உள்ளூர்க்காரரின் உரிமை என்பதுபோல அட்ராக்டா விட்டுவிட்டார். ஆனாலும் அந்த மண்டபத்து மௌனத்தை அவர் மறக்கவில்லை. ட்ரம்லாஷில் தனக்கு மன்னிப்பு இல்லை என்றே இத்தனை வருஷமும் நினைத்திருந்தார்.

மறு எண்ணிக்கை நாலு மணிக்கு முடிந்தது. அதே ஆறு. மலாக்கி எழுந்து, கோட்டிலிருந்து ரொட்டித் துணுக்குகளைத் தட்டிவிட்டு, தேர்தல் அதிகாரியிடம் போய், போதும், பிரியுங்கள் என்றார்.

சீட்டுகளைப் பார்க்கக் கஸி தடுப்பின் மேல் அப்படியே படுத்துவிட்டார். அட்ராக்டா அருகே போகவில்லை. தூரத்தில் நின்று கஸியின் பென்சிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். பென்சில் அசைந்தது. நின்றது. பிறகு விடாமல் அசைய ஆரம்பித்தது. கஸிக்குப் பக்கத்தில் மலாக்கிக்காகக் கோடு கிழித்துக்கொண்டிருந்தவர் மலாக்கியின் சொந்தத் தங்கை பெர்னி. எழுபதை நெருங்குகிறவர், ட்ரம்லாஷில் பாதியில் நின்ற அந்த வீடுகளுக்கு எதிரே குடியிருப்பவர். கஸி தலையைத் திருப்பி, இதென்ன உங்கள் ஊர்ச் சீட்டில் எங்கள் அட்ராக்டா பேர் இப்படி வருகிறது என்று கேட்டுவிட்டார்.

"ஒண்ணாம் நம்பரு எங்க தாத்தாவோடது, கஸி. அத நான் மாத்த முடியாது. மாத்தினா அவரு குழியிலேர்ந்து எந்திரிச்சு வந்துருவாரு," என்றார் பெர்னி. "ரெண்டாம் நம்பருதான் என்னோடது. அன்னைக்கு மண்டபத்துல நானும்தான் உக்காந்திருந்தேன்."

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

"அவனுக்கு எதுக்குத் தெரியணும்? அவனுக்கு ஒண்ணு போட்டாச்சுல்ல."

முந்நூற்று ஐம்பத்தைந்து பேர் அப்படிப் போட்டிருந்தார்கள். லியோவுக்கு இருநூற்று முப்பத்தாறு. மிச்சச் சீட்டுகளில் அடுத்த நம்பரே இல்லை. தேர்தல் அதிகாரி மேடையேறி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்து, ஆயிரத்து நூற்றுத் தொண்ணூற்று மூன்று ஓட்டுகளோடு அட்ராக்டா ஃபீனி ஆறாவது இடத்துக்குத் தேர்வானார் என்று படித்தபோது முதலில் ஓடிவந்தது காஹல்தான். அவனும் கஸியும் இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கப் பார்த்தார்கள். தரையிலிருந்து ஒரு சாண் எழும்பியதும் கஸி முனகினார். இறக்கிவிடுங்கள், எனக்கு நாற்காலி கிடைத்த நேரத்தில் உங்களுக்கு இடுப்பு போய்விடும் என்று அட்ராக்டா சொல்லி இறங்கிக்கொண்டார். ஃபிலோமினா எல்லாரையும் தள்ளிக்கொண்டு முன்னால் வந்து, "நான்தான் அப்பவே சொன்னேனே, நீ எப்படியும் ஜெயிச்சுருவன்னு" என்றார். அட்ராக்டா அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். வேறு என்ன செய்வது.

வாழ்த்துகள் ஓய்ந்து அவர் வெளியே வந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. கார்கள் நிற்கும் இடத்தில் மலாக்கி தன் சுவரொட்டிகளைக் கார் டிக்கியில் அடுக்கிக்கொண்டிருந்தார். தன் முகத்தின் மேல் தன் முகம். அட்ராக்டா அடுக்க உதவினார். பிறகு, உன் ஊர்க்காரர்கள் போட்டதில்தான் நான் உள்ளே வந்தேன் என்றார்.

"பாத்தேன். பெர்னியும் போட்டிருக்கா. தடுப்புக்குப் பின்னாடிதான் நின்னேன், காதுல விழுந்துச்சு." மலாக்கி டிக்கியைச் சாத்தவில்லை. "அன்னைக்கு எனக்குக் காய்ச்சல் இல்ல, அட்ராக்டா."

"எனக்குத் தெரியும்யா. பக்கத்து நாற்காலிதானே."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார்.

"ஒரு விஷயம் கேக்கணும். என் வீட்டு வாசல்ல ஒரு வடிகால் இருக்கு. இருபது வருஷமா அடைச்சுக்கிட்டுக் கெடக்கு. மழைக்காலத்துல முழங்கால் அளவு தண்ணி."

"இருபது வருஷமாவா? கவுன்சிலரா இருந்தப்ப என்னய்யா பண்ணிக்கிட்டிருந்த?"

"கவுன்சிலரா இருந்துக்கிட்டு சொந்த வாசலுக்கு எப்படிக் கேக்கறது? ஊரு என்னா பேசும்? என் பொண்டாட்டி மேரி தெனம் திட்டுவா. ரப்பர் பூட்ஸ் போட்டுக்கிட்டுத்தான் கோயிலுக்குக் கெளம்புவா. இனிமே கேக்கலாம்ல. இனிமே நான் வெறும் ஆளு."

அட்ராக்டா கைப்பையைத் துழாவி முடிச்சாயம் வந்த அட்டை ஒன்றை எடுத்தார். கிழித்து, முதுகைத் திருப்பி, காரின் கூரை மேல் வைத்துக்கொண்டார். பேனா மூடியைப் பல்லால் கழற்றினார்.

"பேரு?"

"ஏய்."

"எல்லார்கிட்டயும் கேக்கறதுதான். பேரு, ஊரு, வீடு எங்க இருக்கு. சொல்லுங்க சார், எனக்கு வேற வேலை இருக்கு."

மலாக்கி டேன்சி கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்து நின்று, தன் பேரையும் ஊரையும் வீட்டு அடையாளத்தையும் நிதானமாகச் சொன்னார். வடிகால் இடது பக்கமா வலது பக்கமா என்று அட்ராக்டா கேட்டார். இடது பக்கம், வாசல் கதவுக்கு மூன்றடி தள்ளி என்றார். அட்ராக்டா எழுதிக்கொண்டார்.